தாமானிலிருந்து கிளினிக் வரை நடந்து போக ஒரு முழு வழி: எப்படிக் கேட்டு வாங்குவது?

மூணாம் டிவிசன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்துத் தெற்கில் ஒரு தோட்டப்புற டவுன். முன்பு சுற்றிலும் பால்மரம், இப்போது செம்பனை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனங்களில் நிறையப் பேர் டவுனை ஒட்டின தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்துவிட்டார்கள். வந்தபோது இளவட்டமாக இருந்தவர்கள் இப்போது பாட்டி, தாத்தா.

தாமானிலிருந்து அரசாங்கக் கிளினிக் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடந்து போக முடியவில்லை. வாசலில் தொடங்கினால் லோங்காங் (வடிகால்) மேல் போட்ட சிமெண்டு சிலாப்புகள்தான் நடைபாதை. சில உடைந்தவை, சில மிதித்தால் ஆடுபவை. ஓரிடத்தில் சிலாப்பே இல்லை, யாரோ பழைய கதவைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் மெயின் ரோடு. அங்கே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே புல்லும் சரளைக் கல்லும்தான். செம்பனைக் குலை ஏற்றின லோரி வந்தால் புல்லில் இறங்கி நிற்க வேண்டும். அப்புறம் கடை வரிசை, அதன் முன்னால் கூரையோடு இருக்கும் நடைவழியான அஞ்சடி. கடைசியில் ரோட்டைக் கடக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா நாலுகால் தடி ஊன்றி நடப்பவர். கடை முனையில் லோங்காங்கை இரும்புக் கம்பி மூடி போட்டு மூடியிருக்கிறார்கள். கம்பிகள் நாம் நடக்கிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. தடியின் ரப்பர் கால் அந்தச் சந்தில் நேராக இறங்கிவிடும். அதனால் அந்த இடம் வந்ததும் அவர் தடியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடைத் தூணைப் பிடித்தபடி அந்த ரெண்டடியைத் தாண்டுகிறார். மழை நாளில் கம்பி வழுக்கும். பார்க்கவே பயமாக இருக்கிறது.

இப்போது டவுன் நடுவை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வண்ணக் கல், அலங்கார விளக்கு, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்துவது என்று என்னென்னவோ சொல்கிறார்கள். அந்தக் காசில் ஒரே ஒரு வழியை, தாமான் வாசல் முதல் கிளினிக் வாசல் வரை, ஓரடி கூட விடாமல் முடித்துத் தரச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். முக்கால் பங்கு நன்றாக இருந்து ஓரிடத்தில் அறுந்துபோனால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது வழியே இல்லை. இதை யாரிடம், எப்படிக் கேட்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்

நல்ல பேச்சைத் தொடங்கினீர்கள் தம்பி. எங்கள் தமிழ்ப்பள்ளியும் மெயின் ரோட்டு ஓரம்தான். பள்ளி வட்டாரத்தில் 30 கிலோமீட்டர் வேகம் என்று பலகை நிற்கிறது. காலையில் யார் பார்க்கிறார்கள்? நடைபாதை இருக்கிற கொஞ்ச இடத்திலும் பெற்றோர் காரை ஏற்றி நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் காரைச் சுற்றி ரோட்டில் இறங்கி வருகிறார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் தலை கார் முன்பக்கத்து உயரம்தான். பின்னால் வருகிற லோரிக்காரருக்கு அந்தப் பிள்ளை கண்ணில் படவே படாது.

உங்கள் வழியில் பள்ளியையும் சேருங்கள். கிளினிக்குக்குப் போகிற பாட்டியும் பள்ளிக்குப் போகிற பேரனும் பாதித் தூரம் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள்.

பழைய டெக்னிசியன்

தம்பி, நான் ஒரு நகராண்மைக் கழகத்தில் ரோட்டு வேலைப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாவட்டம் இல்லை. முழு வழியையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால் அது எந்த மேசையிலும் நிற்காது. ‘இது எங்களுடையது அல்ல’ என்று ஒவ்வொருவரும் திருப்பி அனுப்புவார்கள், அது பொய்யும் அல்ல. முதலில் எந்தத் துண்டு யாருடையது என்று பாருங்கள்.

தாமான் ரோடும் லோங்காங்கும்: தாமானைக் கட்டிய மேம்பாட்டாளர் அதை நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாரா என்று கேளுங்கள். ஒப்படைக்காத தாமானில் கழகம் காசு போடாது. ஒப்படைத்திருந்தால் சிலாப் மாற்றுவது கழகத்தின் வேலை.

மெயின் ரோடு: எண்ணைப் பாருங்கள். வெறும் எண் மட்டும் என்றால் மத்திய சாலை. முன்னால் ‘கே’ எழுத்து இருந்தால் கெடா மாநிலச் சாலை. பேராக் என்றால் ‘ஏ’, சிலாங்கூர் என்றால் ‘பி’. இரண்டையும் பெரும்பாலும் மாவட்ட ஜே.கே.ஆர்., அதாவது பொதுப்பணித் துறைதான் கவனிக்கும், ஆனால் காசு வேறு வேறு பையிலிருந்து வருகிறது. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு மாரிஸ் என்ற பதிவேட்டை வைத்துத்தான் மானியம் தருகிறது. அந்தப் பதிவேட்டில் இல்லாத ரோட்டுக்குப் பணம் வராது. ‘எங்கள் ரோடு மாரிஸில் இருக்கிறதா?’ என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் குறைவு, அதனால் பதில் சீக்கிரம் வரும்.

அஞ்சடி: மனை பெரும்பாலும் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974, அதாவது சட்டம் 133, 46ஆம் பிரிவு நடைவழியை அடைப்பதைப் பற்றிப் பேசுகிறது. கழகம் அதைப் பயன்படுத்தலாம்.

கிளினிக் கேட்டுக்கு உள்ளே சுகாதார அமைச்சு.

இன்னொன்று. ஊராட்சிச் சட்டம் 1976படி கழகத்தின் முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. போய் உட்காரலாம், பேச முடியாது. பின்வரிசையில் பத்துப் பாட்டிகள் தடியோடு உட்கார்ந்திருந்தால் கவுன்சிலர்களுக்கு அது தெரியத்தான் செய்யும்.

கோப்பிக்கடை

அஞ்சடின்னதும் எல்லாரும் கடைக்காரனைத்தான் பார்ப்பீங்கன்னு தெரியும். நான் அந்த வரிசையில் கடை வச்சிருக்கேன். காலையில வெளியில நாலு மேசை போடுறேன். உள்ள சூடு, வயசானவங்க வெளியில உட்காரத்தான் பிரியப்படுறாங்க. தோட்டத்திலேருந்து கிளினிக்குக்கு வர்றவங்க மருந்து வாங்கிட்டு என் கடையிலதான் பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க. மேசையை எடுங்கன்னு சொல்றது சுலபம்.

அதோட எங்க வரிசையில மேசையை எடுத்தாலும் சக்கர நாற்காலி போகாது. பக்கத்துக் கடை என் கடையைவிட ஒரு படி உசரம். அதுக்கு அடுத்த கடை டைல்ஸ் போட்டு இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்திட்டாங்க. அந்தப் பக்கம் துணிக்கடை திரும்ப ஒரு படி கீழ.

மூணு சக்கரம்

கோப்பிக்கடை அண்ணன் சொன்னது உண்மை. நான் சுங்கைப் பட்டாணியில் இருந்து எழுதுகிறேன். சக்கர நாற்காலிதான், வெளியூருக்குப் பக்கச் சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள். அஞ்சடி வெயிலுக்கும் மழைக்கும் கட்டினது. 1822இல் சிங்கப்பூர் டவுனுக்கு ராஃபிள்ஸ் வகுத்த விதியிலிருந்தே, கடை முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைவழி விட வேண்டும் என்பதுதான் எண்ணம். அந்தத் தொடர்ச்சியை நாம்தான் ஒவ்வொரு கடையாக உடைத்துவிட்டோம்.

படிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். சரிவு 1:12 என்பது பல நாடுகளில் ஒப்புக்கொண்ட அளவு. 15 சென்டிமீட்டர் படி ஏற 180 சென்டிமீட்டர் நீளச் சரிவு வேண்டும். 30 சென்டிமீட்டர் என்றால் 360. ஒரு கடை முகப்பே சுமார் 6 மீட்டர். ரெண்டு கடைக்கு நடுவில் இதை எங்கே வைப்பது? அதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும். என் நண்பர் ஒருவர் அப்படி மண்டை உடைந்து படுத்திருந்தார்.

அதனால் அந்த வரிசையில் அஞ்சடியை விட்டுவிடுங்கள். கடைக்கு முன்னால் கார் நிறுத்தும் கட்டங்கள் இருக்கும். அதில் ஒரு பட்டையை எடுத்து, தரை மட்டத்தில், கடைசி வரை ஒரே சமமாக நடைவழி போடச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி போக குறைந்தது 90 சென்டிமீட்டர். திரும்ப ஒன்றரை மீட்டர். ரெண்டு நாற்காலி எதிரெதிராகப் போக 1.8 மீட்டர். மேசையும் இருக்கட்டும், நாங்களும் போகிறோம்.

கோப்பிக்கடை

பார்க்கிங்க எடுத்தா வியாபாரம் என்ன ஆகும் தம்பி?

மூணு சக்கரம்

அண்ணே, கட்டத்தை முழுசாக எடுக்க வேண்டாம். சாய்வாகப் போட்டிருக்கிற கட்டத்தை ரோட்டுக்கு இணையாக மாற்றினால் ஆழம் குறையும், பட்டை கிடைக்கும். சில கார்களுக்கு இடம் போகத்தான் செய்யும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களில் கார் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

காப்சாய்

நான் மோட்டார்காரன், 22 வயசு. இங்க யாரும் எங்களைத் திட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நடைபாதையில மோட்டார் ஓட்டறது தப்பு, நானும் ஓட்டியிருக்கேன். ஏன்னா எங்க தாமான் சந்திலேருந்து வெளிய வந்தா நடுவுல தடுப்பு. டவுன் பக்கம் போகணும்னா எதிர்த்திசையில ரொம்ப தூரம் போய் யூ டர்ன் எடுக்கணும், அதுவும் லோரிகளுக்கு நடுவுல. எல்லாரும் நடைபாதையிலேயே எதிர்ப்பக்கமா வந்துடறாங்க. ரோட்டுல சாகறதுல பாதிக்கு மேல மோட்டார்காரங்கதான். அந்த யூ டர்ன் எங்களுக்கும் பயம்.

கணக்கு டீச்சர்

தம்பி, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. நடைபாதை முனையில் இரும்புக் கம்பம் நட்டு மோட்டாரைத் தடுக்கச் சொல்லலாமா?

மூணு சக்கரம்

டீச்சர், தயவுசெய்து வேண்டாம். காப்சாய் மாதிரி சின்ன மோட்டாரின் கைப்பிடி அகலமும் என் நாற்காலி அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். மோட்டார் நுழையாத சந்தில் நானும் நுழைய முடியாது. வளைந்து வளைந்து போகச் சொல்லும் கம்பித் தடுப்பு இன்னும் மோசம். மோட்டாரை நெம்பி உள்ளே விட்டுவிடுவார்கள், நாற்காலியை யாரும் நெம்ப முடியாது. பல டவுன்களில் நடைபாதை புதிதாகப் போட்டு, முனையில் இந்தக் கம்பியை வைத்து, எங்களை வெளியில் நிறுத்திவிட்டார்கள். மோட்டார் ஏன் ஏறுகிறது என்பதைச் சரி செய்யுங்கள். தடுப்பில் ஒரு திறப்பு வேண்டும் என்று அந்தத் தம்பி கேட்பது நியாயமான கோரிக்கை.

நர்ஸ் அக்கா

நான் வேறொரு மாவட்டத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். சனங்க கேட்கட்டும் என்று ஒன்று சொல்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3% பேருக்கு நீரிழிவு. நம்ம இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். வருகிறவர்களுக்கெல்லாம் ‘தினமும் அரை மணி நேரம் நடங்க’ என்று சொல்லி அனுப்புகிறோம். எங்கே நடப்பார்கள்? இனிப்பு நீர் முற்றியவர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கும். சரளைக்கல் குத்தினால் தெரியாது, புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வருவார்கள். விரல் எடுத்தவரை, கால் எடுத்தவரை நான் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போனதும் திரும்ப அதே சரளையில்தான் கால் வைக்கிறார்கள்.

2030இல் நாட்டு மக்களில் 15% பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணக்கு. தோட்டப்புற டவுனில் இளையவர்கள் பினாங்குக்கும் கே.எல். என்கிற கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். இங்கே அந்த 15% எப்போதோ தாண்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரோடு கடக்கிற இடத்தையும் மறக்காதீர்கள். சிக்னல் போட்டாலும் பச்சை மனிதன் நேரத்தைப் பெரும்பாலும் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். 14 மீட்டர் ரோட்டை அவர் 12 வினாடியில் தாண்டிவிடுவார். எங்கள் கிளினிக்குக்கு வருகிற பாட்டிகள் வினாடிக்கு 0.8 மீட்டர்கூட நடப்பது கஷ்டம். அவர்களுக்கு 17, 18 வினாடி வேண்டும். நடுவில் நிற்க ஒரு திட்டாவது வேண்டும். திட்டும் சாலை மட்டத்தில் வெட்டி விட்டதாக இருக்க வேண்டும், ஏறி இறங்குகிற திட்டு வேண்டாம்.

கம்பி மேஸ்திரி

வேலை எடுத்துச் செய்றவன் சொல்றேன். சிலாப் மாத்தறது பெரிய வேலை இல்ல. எப்படி மாத்தறாங்கங்கறதுதான் விஷயம். மேல வழவழன்னு பூச்சுக் கரண்டியால தேச்சு விட்டா பார்க்க அழகு, ரெண்டு மாசத்துல பாசி. சிமெண்டு ஈரமா இருக்கும்போதே விளக்குமாத்தால குறுக்க ஒரு இழுப்பு இழுக்கணும், அப்பதான் செருப்பு பிடிக்கும். குறுக்குச் சரிவு 50க்கு 1, தண்ணி வடிய அது போதும். அதுக்கு மேல போனா நாற்காலி லோங்காங் பக்கமே இழுக்கும்.

தூக்கறதுக்கு ஓட்டை விட்டிருப்பாங்க சிலாப்புல. அந்த ஓட்டை கைத்தடி முனை இறங்காத அளவா இருக்கணும். இரும்பு மூடியா இருந்தா கம்பி நடக்கிற திசைக்குக் குறுக்க வரணும். அந்தப் பெரியம்மா தடி மாட்டற இடத்துல புது மூடி வாங்கவே வேணாம். சதுரமா இருந்தா தூக்கித் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்சனை தீரும். இரும்பு மூடி பழைய இரும்புக்குத் திருட்டுப் போகும், அதனால கீல் வச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க.

ஆங்சானா மரம் ஓரமா இருந்தா வேர் சிலாப்பைத் தூக்கும். மரத்தை வெட்டச் சொல்லாதீங்க, நிழல் போயிடும். வேர் இருக்கிற இடத்துல சிமெண்டு போடாம வழியைக் கொஞ்சம் வளைச்சு எடுக்கணும்.

வெள்ளைக்கோல்

நான் பார்வையற்றவன், போனில் குரல் வழியாக இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தரும் எங்களைப் பற்றிப் பேசவில்லை என்று எழுத வந்தேன்.

நான் சில வருடங்கள் கே.எல். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தவன். பார்வையற்றோர் சங்கம் அங்கேதான். அங்கே தரையில் புடைத்த கல் பதித்த வழிகள் உண்டு. நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில், முன்னால் ரோடோ படியோ இருக்கிறது. ஜப்பானில் செய்ச்சி மியாக்கே 1965இல் உருவாக்கியது, 1967இல் ஒக்காயாமாவில் முதலில் பதித்தார்கள். இப்போது எல்லா ஊரிலும் போடுகிறார்கள், ஆனால் பல இடங்களில் அலங்காரத்துக்கு. கோடு நேராகப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டுகிறது. இல்லையென்றால் புள்ளியே இல்லாமல் லோங்காங் விளிம்பில் முடிகிறது. அப்படிப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். நான் அந்தக் கல்லை நம்பித்தான் அடுத்த அடி வைக்கிறேன்.

நிறம் மஞ்சளாக இருக்கட்டும். பார்வைக் குறை உள்ளவர்கள் எல்லாரும் என்னைப் போல இல்லை, பலருக்குக் கொஞ்சம் தெரியும். சாம்பல் சிமெண்டில் சாம்பல் கல் அவர்களுக்குத் தெரியாது.

மூணாம் டிவிசன்

மன்னிக்க வேண்டும் ஐயா, முதலிலேயே உங்களை அழைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னதை அப்படியே மனுவில் சேர்க்கிறேன்.

சட்டத்தில் நமக்குப் பிடி என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய டெக்னிசியன்

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, சட்டம் 685. 26ஆம் பிரிவு பொது வசதிகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பலவீனம். 2010இல் மலேசியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றிருக்கிறது. அளவுகளுக்கு எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரம் இருக்கிறது, 2014 பதிப்பு. மனுவில் ‘வசதியான நடைபாதை வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘எம்.எஸ். 1184 அளவில் வேண்டும், வேலை முடிந்ததும் சக்கர நாற்காலியில் ஒருவரை வைத்துச் சோதித்த பிறகே குத்தகையாளருக்குக் கடைசித் தொகை’ என்று எழுதுங்கள். இஞ்சினியருக்கு எண்ணைக் கொடுத்தால் எண்ணால் பதில் சொல்லியாக வேண்டும்.

மேட்டு லயம்

தாமான்காரங்க பேசறீங்க, நல்லது. நாங்க இன்னும் தோட்டத்து லயத்துல இருக்கோம். லயத்திலேருந்து மெயின் ரோடு வரைக்கும் செம்மண் பாதை, விளக்கு இல்ல. மழை பெய்தா டிராக்டர் தடத்துல தண்ணி நிக்கும். என் மகளுக்கு மாசம் ஏழு, கிளினிக்குக்கு அந்த வழியாத்தான் நடக்கிறா. நீங்க போடற வழி மெயின் ரோட்டுல முடிஞ்சா எங்களுக்கு என்ன பிரயோசனம்?

பழைய டெக்னிசியன்

உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது அம்மா. அந்தப் பாதை கம்பெனி நிலம். அங்கே கழகம் காசு போட முடியாது. நிர்வாகி எழுத்தில் சம்மதம் தந்தால் சட்டமன்ற உறுப்பினர் ஒதுக்கீட்டில் விளக்குக் கம்பம் கேட்டுப் பார்க்கலாம். பாதையைச் சரளை போட்டு உருட்டித் தரச் சொல்லி நிர்வாகியிடமே கேளுங்கள், ரோலர் தோட்டத்திலேயே இருக்கும். தனியாகப் போகாதீர்கள். கோவில் கமிட்டி, தொழிற்சங்கம் ரெண்டையும் கூட்டிப் போங்கள்.

மூணாம் டிவிசன்

அப்படியென்றால் வழி தாமான் வாசலில் தொடங்கக் கூடாது. லயத்து முனையில் தொடங்க வேண்டும். தலைப்பில் தாமான் என்று போட்டிருந்தாலும் மனுவில் லயத்திலிருந்துதான் எழுதுவேன். அந்தத் துண்டு கடைசியில் கிடைத்தாலும் வரைபடத்தில் முதலில் இருக்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை, தொழுகை நேரத்துக்கு முன்னால், எல்லாரும் சேர்ந்து வழி முழுக்க நடந்து அளக்கலாம். நம்ம மாநிலத்தில் அன்றைக்குக் கிளினிக்கும் ஆபீசும் லீவு, லோரியும் கொஞ்சம் குறைவு. மேஸ்திரி டேப் கொண்டு வாருங்கள். மூணு சக்கரம் தம்பி வர முடியுமா?

மூணு சக்கரம்

வருகிறேன். ஆனால் லீவு நாளில் அளந்தால் உண்மை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்தால் பள்ளியும் கிளினிக்கும் சேர்ந்து கூட்டம் இருக்கும், நடைபாதையில் எத்தனை மோட்டார் ஏறுகிறது என்று படமும் எடுக்கலாம்.

நர்ஸ் அக்கா

ஞாயிறுதான் சரி. வெள்ளி, சனி வார லீவு முடிந்து முதல் நாள், இரத்தம் எடுக்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு நடந்து வருவார்கள். அவர்களோடு நடந்து பாருங்கள்.

கோப்பிக்கடை

ஞாயித்துக்கிழமை என் மேசைய ரெண்டு மணி நேரம் உள்ள எடுத்துடறேன். அஞ்சடி அகலத்தையும் அளந்துக்குங்க. பார்க்கிங் விஷயத்துல நான் இன்னும் சம்மதிக்கல, மத்த கடைக்காரங்களோட பேசணும்.

காப்சாய்

தடுப்புல திறப்பு வேணும்னு சொன்னேனே, அதையும் மனுவுல போடுவீங்களா அண்ணே?

பழைய டெக்னிசியன்

போடலாம் தம்பி, ஆனால் தனிக் கடிதமாக, மாவட்ட ஜே.கே.ஆர். இஞ்சினியர் பெயருக்கு. மோட்டார்காரர்கள் நீங்களே கையெழுத்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மோட்டார் எதிர்த்திசையில் வருகிறது என்று எண்ணுகிற வேலையும் உன்னுடையது.